கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கையால் தைத்த நோட்டுப்புத்தகங்கள் செய்து ஆன்லைனில் விற்கிறேன். நானும் தங்கையும் மட்டும்தான். தொடங்கி மூன்று வருடமாகிறது, மாதம் 60, 70 ஆர்டர் போகிறது. வாங்கியவர்களில் பலர் திரும்பவும் வாங்குகிறார்கள், அதனால் பொருளில் குறையில்லை என்று நினைக்கிறேன். விளம்பரத்துக்குச் செலவழிக்க வசதியில்லை. வாடிக்கையாளர்களே படம், வீடியோ போட்டால் அதைவிட நல்ல விளம்பரம் இல்லை என்று எல்லாரும் சொன்னதால், ஒவ்வொரு பார்சலிலும் ஒரு கார்டு வைக்கத் தொடங்கினோம். அதன் படத்தை இணைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் எங்கள் ஹேஷ்டேகில் வந்தது மொத்தம் 11 போஸ்ட். அதில் நாலு, சித்தி பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் போட்டது. பரிசைப் பெரிதாக்கினால் வருவார்களா? இல்லை, இன்ஃப்ளூயன்சர் யாரையாவது பிடிக்க வேண்டுமா? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் எங்களை டேக் செய்து ஓர் அழகான படம் போட்டிருந்தார். அதை எடுத்து எங்கள் தளத்தின் முகப்பில் வைத்தேன். "என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள்?" என்று கோபமாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். டேக் செய்ததே அனுமதிதானே? அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கார்டின் படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் நானும் பொதுவாக ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அதில் இருப்பதை அப்படியே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "எங்கள் நோட்டுடன் ஒரு செல்ஃபி எடுத்து, எங்கள் பக்கத்தை ஃபாலோ செய்து, எங்களை டேக் செய்து, ஹேஷ்டேகுடன் பதிவிட்டு, மூன்று நண்பர்களையும் டேக் செய்யுங்கள். அதிர்ஷ்டசாலி ஒருவருக்குப் பரிசு!"

எண்ணிப் பார்த்தேன், ஐந்து வேலை. காசு கொடுத்து வாங்கியவரிடம், பார்சலைப் பிரித்த கையோடு, ஐந்து வேலை சொல்கிறீர்கள். அதில் ஒன்று அவருடைய நண்பர்கள் மூன்று பேரை வம்புக்கு இழுக்கும் வேலை. ஆனால் கார்டின் பெரிய பிழை இந்த எண்ணிக்கை கூட இல்லை. அது போய்ச் சேரும் நாள்தான் பிழை.

பார்சல் வரும் நாளில் உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாள். புது நோட்டைப் படமெடுத்தால், உங்கள் தளத்தில் நீங்களே எடுத்துப் போட்டிருக்கும் படம் போலத்தான் வரும், அதைவிடக் கொஞ்சம் மங்கலாக. வாங்கியவரிடம் காட்டுவதற்கென்று சொந்தமாக ஒன்றும் உண்டாகவில்லை. நோட்டு நிரம்ப மூன்று மாதமாகலாம், ஒரு வருடமும் ஆகலாம். காட்டுவதற்கு ஏதாவது சேர்ந்திருக்கும் நாளில் உங்கள் கார்டு எங்கே இருக்கும்? முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. நோட்டு என்பது அந்தரங்கமான பொருள். அதில் ஒருவர் எழுதுவது கணக்கு, கவிதை, வேலை விடப்போகும் யோசனை, யார் மேலோ உள்ள கோபம். இதையெல்லாம் யார் ஊருக்குக் காட்டுவார்கள்? நன்றாக உபயோகிக்கப்படும் நோட்டுதான் மிகக் குறைவாக வெளியே வரும். உங்கள் பொருள் பிடிக்காததால் அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாங்குகிறார்களே, அதுதான் சாட்சி.

மற்ற பிராண்டுகளுக்கு எப்படிக் குவிகிறது என்று நீங்கள் கேட்கலாம். கோப்ரோவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 2018இல் அந்த நிறுவனம் புது கேமரா ஒன்றை வெளியிட்டபோது, வாங்கியவர்கள் எடுத்து அனுப்பிய காட்சிகளில் தேர்வானவற்றுக்கு மொத்தம் 10 லட்சம் டாலரைப் பங்கிட்டுத் தருவதாக அறிவித்தது. சரி, ஆனால் கேமரா வாங்குகிறவர் வீடியோ எடுக்கத்தானே வாங்குகிறார். பொருளை உபயோகித்தாலே காட்ட ஒன்று பிறந்துவிடுகிறது. நோட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கோகோ கோலா 2011இல் ஆஸ்திரேலியாவில் பாட்டில்களின் மேல் 150 பெயர்களை அச்சடித்து விற்றது. ஜனங்கள் படமெடுத்துப் போட்டது பானத்தை அல்ல, பாட்டில் மேலிருந்த தங்கள் பெயரை. எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டார்பக்ஸ். காத்திருக்கும் நேரத்தில் அதன் வெள்ளைக் கோப்பைகள் மேல் பேனாவால் கிறுக்குகிறவர்கள் முன்பிருந்தே இருந்தார்கள். 2014இல் நிறுவனம் அதைப் போட்டியாக்கி, கோப்பையில் வரைந்து படமெடுத்து அனுப்பச் சொன்னது. மூன்று வாரத்தில் 4,000 பேர் அளவுக்கு அனுப்பினார்கள். புதிதாக ஒரு பழக்கத்தை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜனங்கள் சும்மா இருக்கும்போது தானாகச் செய்வதைக் கவனித்துவிட்டு, "அதை எங்களுக்கும் காட்டுங்களேன்" என்றது. அவ்வளவுதான்.

ஆக, உங்கள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 'இவர்களை எப்படிப் போட வைப்பது?' என்பதை விட்டுவிட்டு, 'நோட்டு வைத்திருப்பவர் யாரும் சொல்லாமலே என்ன செய்கிறார், அதில் வெளியே காட்டக் கூச்சப்படாதது எது?' என்று கேளுங்கள்.

எனக்கு உடனே தோன்றுவது கடைசிப் பக்கம். எந்த நோட்டாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், கடைசிப் பக்கம் ஒரே மாதிரிதான். பேனா எழுதுகிறதா என்று பார்த்த சுழிகள். அவசரத்தில் போட்ட கூட்டல். கையெழுத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தது. போன் பேசிக்கொண்டே வரைந்த கட்டங்கள், அதற்குள் நிழல், நிழலுக்குள் இன்னும் கட்டம். அதில் ரகசியம் பெரும்பாலும் இருக்காது, ஆனால் ஆள் இருப்பார். "உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். அழகாக இருக்க வேண்டும் என்ற பயமும் இல்லை, ஏனென்றால் கடைசிப் பக்கம் அசிங்கமாக இருந்தால்தான் அழகு.

இன்னும் யோசித்தால் வேறும் கிடைக்கும். பையில் கிடந்து தேய்ந்த மூலைகள். ஊற்றுப்பேனா உபயோகிப்பவர்கள் புதுத் தாள் கிடைத்ததும் தங்களிடமுள்ள மைகளையெல்லாம் ஒவ்வொரு கோடாக இழுத்து, பின்பக்கம் ஊறுகிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள். இந்தக் கூட்டம் அதைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டுவதில் சலிக்காதவர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் அவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்க வேண்டியது செல்ஃபி இல்லை, அந்த மைக்கோடுகள் போட்ட பக்கமும் அதன் பின்பக்கமும். வாங்கத் தயங்கி நிற்கும் இன்னொரு பேனாக்காரருக்கு அந்தப் பின்பக்கப் படம் ஒன்று போதும். நீங்கள் 'உயர்தரத் தாள்' என்று நூறு தடவை எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

இப்போது, எப்போது கேட்பது. இங்கேதான் உங்களுக்கு மற்ற பிராண்டுகளுக்கு இல்லாத வசதி இருக்கிறது. உங்கள் பொருளே தாள்! கேட்க வேண்டியதைக் கார்டில் அச்சடித்துப் பார்சலில் போடுவதை விட்டுவிட்டு, நோட்டுக்குள்ளேயே அச்சடியுங்கள். நடுப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஒரே வரி: "பாதி வந்துவிட்டீர்கள். இதுவரை இந்த நோட்டு எங்கெல்லாம் உங்களோடு வந்தது?" கடைசிப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில்: "கடைசிப் பக்கத்தில் எழுதியதை மட்டும் எங்களுக்குக் காட்டலாம். மற்றது உங்களுடையது." கீழே உங்கள் வாட்ஸ்அப் எண்ணும் பக்கத்தின் பெயரும். இப்படிச் செய்தால் நாள் கணக்கு வைத்து நினைவூட்டும் மெசேஜ் அனுப்ப வேண்டியதில்லை. வேகமாக எழுதுகிறவருக்கு இரண்டு வாரத்தில் வரும், மெதுவாக எழுதுகிறவருக்கு எட்டு மாதத்தில் வரும், அவரவர் நேரத்துக்கு. "மற்றது உங்களுடையது" என்ற வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நோட்டு விற்கிறவர் வாயிலிருந்து அது வரும்போது அதற்குத் தனி மதிப்பு.

11 போஸ்ட் என்ற கணக்கையும் நான் அப்படியே நம்பமாட்டேன். பலருடைய கணக்கு ஊருக்குத் திறந்திருப்பதில்லை, பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டிய கணக்கில் உங்கள் ஹேஷ்டேகைப் போட்டிருந்தாலும், நீங்கள் அவரைப் பின்தொடராவிட்டால் உங்கள் கண்ணில் படாது. ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நீங்கள் பார்க்காத இடத்தில் உங்கள் நோட்டைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். இன்னும் நிறையப் பேர் எங்கும் போடாமல் உங்களுக்கே நேராக எழுதியிருப்பார்கள். ஆர்டர் வந்து சேர்ந்ததும் "சூப்பர்ங்க, அக்காவுக்கும் ஒண்ணு வேணும்" என்று வந்த மெசேஜ்கள் உங்கள் போனில் எத்தனை இருக்கின்றன? அதுவும் வாடிக்கையாளர் தந்த விளம்பரம்தான். படமும் வீடியோவும் மட்டும்தான் 'கண்டென்ட்' என்று யார் சொன்னது? ஒரு மாலை உட்கார்ந்து, மூன்று வருட மெசேஜ்களையும் மேலிருந்து கீழே படித்து, உங்களுக்கே நெஞ்சில் தைத்தவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். இப்போதைக்கு எங்கும் போட வேண்டாம், அனுமதி விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அப்படி எழுதியவர்களில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே மெசேஜை ஃபார்வர்டு செய்தால் தெரிந்துவிடும். "ஒரு ரிவ்யூ போடுங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்று ஐந்து நட்சத்திரத்தோடு முடித்துவிடுவார்கள், அதில் உங்களுக்கும் பயனில்லை, படிப்பவருக்கும் பயனில்லை. கேள்வி சின்னதாக, குறியாக இருக்க வேண்டும். இந்த நோட்டில் முதலில் என்ன எழுதினீர்கள்? வாங்குமுன் எதற்குத் தயங்கினீர்கள்? யாருக்காவது பரிசாகக் கொடுத்தீர்களா, அவர் என்ன செய்தார்? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் தயங்கிய காரணம்தான் இன்னும் நூறு பேர் வாங்காமல் போன காரணம். "தையல் பிரிந்துவிடுமோ என்று நினைத்தேன், இரண்டு வருடமாகக் கல்லு மாதிரி நிற்கிறது" என்று ஒருவர் எழுதினால், அந்த வரி உங்கள் தளத்தில் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்: தையலைப் பற்றிச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில். 'வாடிக்கையாளர் கருத்துகள்' என்று தனியாக ஒரு பக்கம் போட்டு அதில் கொண்டுபோய்ப் புதைக்காதீர்கள். அங்கே யாரும் போவதில்லை.

இருபது பேரில் ஏழெட்டுப் பேர் பதில் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதும். உங்கள் அளவுள்ள கடைக்கு ஏழெட்டு உண்மையான பதிலை வைத்து இரண்டு மாதம் ஓட்டலாம்.

அடுத்து பரிசு. பெரிதாக்க வேண்டாம் என்பது என் பதில், காரணத்தோடு சொல்கிறேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை ஒன்று உண்டு. தானாகவே ஆசையாக ஸ்கெட்ச் பேனாவால் படம் வரையும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம் "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, சும்மா இருக்கும் நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளின் ஆசை அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு நடந்தது உங்கள் வாடிக்கையாளருக்கு அட்சரம் பிசகாமல் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரியத்தோடு செய்வதற்கு முன்கூட்டியே கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது என்பதை என் தொழிலில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

பார்த்தது மட்டுமில்லை, செய்தும் இருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், பைகள் தைத்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போட்டி வைக்கச் சொன்னது நான்தான். பையோடு படம் போடுங்கள், அதிக லைக் வாங்கும் படத்துக்குப் பரிசு. படங்கள் குவிந்தன, நானும் தோளைத் தட்டிக்கொண்டேன். ஜெயித்தவரை அழைத்துப் பேசும்போதுதான் தெரிந்தது, அவர் அந்தப் பையை வாங்கவே இல்லை. தோழியிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கியிருக்கிறார். போட்டி எங்கே நடந்தாலும் கலந்துகொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு, லைக் போடுவதற்கென்றே ஒரு குழு வைத்திருந்தார். அதே போட்டிக்கு இன்னொருவர், நாலு வருடம் தோளில் சுமந்த பையை அனுப்பியிருந்தார். வார் அறுந்த இடத்தில் வேறு நிற நூலால் அவரே தைத்திருந்தார். என் வாழ்நாளில் பார்த்த நல்ல விளம்பரப் படங்களில் அது ஒன்று. அதற்குக் கிடைத்தது ஒன்பது லைக். "இனிமேல் அனுப்பமாட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்தப் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கவும் எங்களுக்கு முகமில்லை.

எனவே பரிசைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, சொல்லாமல் கொடுங்கள். கடைசிப் பக்கத்தை அனுப்பியவர் அடுத்து ஆர்டர் செய்யும்போது, பைண்டிங்கில் மீந்த தாளில் தைத்த ஒரு குட்டி நோட்டைக் கூடவே வையுங்கள், "உங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தோம்" என்று கையெழுத்தில் ஒரு வரியோடு. அதற்கு வரும் பதிலைப் பாருங்கள்.

பரிசுக்கும் ரிவ்யூவுக்கும் முடிச்சுப் போடுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதைக் கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை. அமேசானும் இலவசப் பொருளுக்குப் பதிலாக எழுதும் ரிவ்யூக்களை, தானே ஆள் தேர்ந்தெடுத்துப் பொருள் கொடுத்து எழுதச் சொல்லும் வைன் திட்டத்தைத் தவிர, 2016இலேயே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி ரிவ்யூக்களுக்கு எதிரான தனி விதியே நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் நடத்துகிறவர் தன் நெருங்கிய சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, உறவைச் சொல்லாமல் போடும் பாராட்டும் அதில் அடங்கும். உங்கள் சித்தி பிள்ளைகள் எந்தச் சட்டத்திலும் மாட்டப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனாலும் அந்த நாலு போஸ்டை வாடிக்கையாளர் சொன்னதாகத் தளத்தில் காட்டாதீர்கள். பிறகு பொருளை இலவசமாக வாங்கி ஒருவர் படம் போட்டால், இலவசமாக வந்தது என்று அவர் சொல்ல வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. விதி இல்லாத இடத்திலும் சொல்லச் சொல்லுங்கள். குலுக்கல் பரிசு வைப்பதற்கும் இடத்துக்கு இடம் கட்டுப்பாடுகள் உண்டு. பொருள் வாங்கினால்தான் குலுக்கலில் சேரலாம் என்று வைத்தால் அது லாட்டரி கணக்கில் சேரும் நாடுகள் பல.

இப்போது அந்தக் கோபமான வாடிக்கையாளர். நேராகச் சொல்கிறேன், தவறு உங்களுடையது. டேக் செய்தது "பாருங்கள்" என்று கூப்பிட்டது, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தது இல்லை. படத்தின் உரிமை எடுத்தவருடையது. ஒரு செயலியில் பதிவிடும்போது அந்தச் செயலிக்குச் சில உரிமைகளை அவர் கொடுக்கிறார், அது உங்களுக்கு வந்து சேராது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான், எல்லாரிடமும் யாராவது கோபப்படுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள், பதில் எழுதுவதற்கு முன்பே. பிறகு இப்படி எழுதலாம்: "உங்கள் படத்தைக் கேட்காமல் எங்கள் தளத்தில் போட்டது எங்கள் தவறு. இப்போது எடுத்துவிட்டோம், வேறெங்கும் போடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவே. "உங்கள் படம் அவ்வளவு அழகாக இருந்ததால்…" என்று இழுக்காதீர்கள், அது மன்னிப்புக்குள் புகுந்துகொண்ட சாக்கு. கூப்பனும் கொடுக்காதீர்கள், வாயடைக்கக் கொடுத்தது போலாகிவிடும். "அப்போ இப்ப போட்டுக்கலாமா?" என்று அதே மூச்சில் கேட்கவும் வேண்டாம். அவராகச் சொன்னால் சரி.

இனிமேல் கேட்பதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படம் போட்டதும், முதலில் அந்தப் படத்தைப் பற்றி மனுஷத்தனமாக ஏதாவது சொல்லுங்கள். அப்புறம்: "இந்தப் படத்தை எங்கள் தளத்தில், நோட்டின் பக்கத்தில் வைக்கலாமா? உங்கள் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா? எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம்." எங்கே போடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிக் கேட்பது முக்கியம். ஸ்டோரியில் பகிர்வதற்குச் சரி என்றவர், காசு கட்டி ஓட்டும் விளம்பரத்தில் தன் முகம் வருவதற்குச் சரி என்றதாக அர்த்தமில்லை. விளம்பரத்துக்கு என்றால் தனியாகக் கேளுங்கள், அதற்கு ஏதாவது கொடுங்கள், அங்கே கூலி பேசுவதுதான் மரியாதை. அவர் "சரி" என்று சொன்ன மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தோடு ஒரே ஃபோல்டரில் தேதி போட்டு வையுங்கள். நேராக உங்களுக்கு எழுதிய மெசேஜ்களுக்கும் இதே கதைதான். தனியாகச் சொன்னதை வெளியே போடுமுன் கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். பார்சல் பிரிக்கும் படங்களில் முகவரிச் சீட்டு அப்படியே தெரியும், போன் எண்ணோடு. எத்தனையோ பிராண்டுகளின் பக்கத்தில் இதை நான் பார்த்து எழுதிச் சொல்லியிருக்கிறேன். நோட்டுப் படங்களில் பக்கத்துப் பக்கத்து எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்க்கும், அதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் முகம் இருந்தால் பெற்றோரின் சம்மதம் தனியாக வேண்டும், எனக்கென்றால் அந்தப் படங்களையே தவிர்த்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும் என்பதால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்வீர்கள், நல்லதுதான். ஆனால் அப்படி வரும் ஃபைலுக்குள் படம் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டுத் தளத்தில் ஏற்றுங்கள்.

வந்ததை ரொம்பச் சீராக்காதீர்கள். கொஞ்சம் கோணல், மேஜையில் ஒரு டம்ளர் வட்டம், விரல் நிழல், இருக்கட்டும். உங்கள் பிராண்டின் நிறத்துக்கு மாற்றி, ஓரத்தில் லோகோ போட்டால் அது உங்கள் படமாகிவிடும். பிறகு வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

குறை சொல்லும் படங்களும் வரும், தயாராக இருங்கள். பெரிய கைகளே சுட்டுக்கொண்ட இடம் இது. 2006இல் ஷெவ்ரலே தன் டஹோ காருக்கு ஜனங்களே விளம்பரம் செய்யலாம் என்று இணையத்தில் வசதி செய்து கொடுத்தபோது, வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, பூமி சூடாகிறது என்று கிண்டல் விளம்பரங்கள் வந்து நிறைந்தன. 2012இல் மெக்டொனால்ட்ஸ் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்ற தோரணையில் ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேகை விட்டு, வசைகள் குவிந்ததால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பின்வாங்கியது. உங்களுக்கு அந்த அளவுக்கு விரோதிகள் கிடையாது. யாராவது தையல் பிரிந்த நோட்டைப் படம் பிடித்துப் போடுவார். அழிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவின் கீழேயே "தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தெரிகிறது, அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம்" என்று எழுதி, தைத்தும் கொடுங்கள். நட்சத்திரம் முழுக்க ஐந்தாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படாதீர்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 4.0 முதல் 4.7 வரை மதிப்பெண் உள்ள பொருட்களைத்தான் ஜனங்கள் அதிகம் வாங்குகிறார்கள், ஐந்தை நெருங்க நெருங்கச் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்தது.

இன்ஃப்ளூயன்சர்? இப்போது வேண்டாம். வந்து பார்ப்பவருக்கு உங்கள் தளத்தில் நாலு உண்மையான கடைசிப் பக்கங்கள் கண்ணில் படும் நாள் வரட்டும், பிறகு யோசிக்கலாம்.

அடுத்த கட்டுத் தாள் அச்சுக்குப் போகுமுன் நடுப் பக்க வரியையும் கடைசிப் பக்க வரியையும் தங்கையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட வேண்டாம், நீங்கள் இருவரும் பேசும் பேச்சில் இருக்கட்டும். மீந்திருக்கும் கார்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அச்சடித்த பக்கத்தின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பின்னால் பேனாவால், வாங்குகிறவர் பெயரைப் போட்டு இரண்டு வரி நீங்களே எழுதி வையுங்கள். மாதம் 60, 70 தானே, கை வலிக்காது.